மாணவரிடம் கற்ற மருத்துவ ஆசான்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

கற்பிப்பவர் ஒருவர், கற்பவர் மற்றொருவர் என்பது வகுப்பறையின் வழக்கம். மருத்துவமனையில் அந்த வழக்கம் அப்படியே நிற்பதில்லை. அங்கே நோயாளியின் கட்டிலைச் சுற்றி நிற்பவர் அனைவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கின்றனர். மூத்தவர் நோயை அறிவார். இளையவர் நோயாளியின் பேச்சை அறிவார். இரண்டும் சேர்ந்தால்தான் மருத்துவம் பலிக்கிறது. இந்த உண்மையைத் தம் வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்தவர் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். தம் மாணவர்களைத் தோழர்களாக்கிக்கொண்டு, அவர்களோடு கூடி அமர்ந்து, மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் எழுதிவைத்த பெருமகனார் அவர். அன்னாரின் வரலாற்றை நம் கல்லூரி நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் அவரை அறிந்த விதம்

அமெரிக்காவில் பிறந்து யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய ஒருவரைத் திருப்பூரில் வேதியியல் படிக்கும் நான் எவ்வாறு அறிந்தேன் என்று கேட்கலாம். சென்ற கோடை விடுமுறையில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் ஒரு மாதம் பயிற்சி பெற்றேன். இரத்தத்தில் சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின் ஆகியவற்றின் அளவைக் காணும் முறைகளைக் கற்பதே என் வேலை. அங்கு மாதிரிகளைக் கொண்டு வருவதும் முடிவுகளைக் கேட்டு வாங்கிச் செல்வதுமாக இருந்த பயிற்சி மருத்துவர்கள் சிலர் நாளடைவில் எனக்கு அண்ணன்களும் அக்காக்களும் ஆனார்கள்.

அவர்களில் இருவர் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பயின்றவர்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கென 2020-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் கொண்டுவரப்பட்ட 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டின் வழியாக மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர்கள். முதலாண்டில் உடற்கூற்றியல் நூலைத் திறந்தபோது ஆங்கிலச் சொற்கள் மலைபோல் நின்றன என்றும், இரவில் விடுதி மாடியில் ஒருவருக்கொருவர் தமிழில் விளக்கிக்கொண்டு, காலையில் அதையே ஆங்கிலத்தில் எழுதிப் பழகினோம் என்றும் அவர்கள் கூறினார்கள். அவர்கள் பட்ட பாடு எனக்குப் புதிதன்று. என் தந்தை பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை செய்பவர். தாய் செக்கிங் வேலைக்குச் செல்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, கரிம வேதியியலை ஆங்கில நூலில் தேடுகிறவள்.

விடுதி மாடியில் நாங்கள் செய்ததை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் ஒரு கல்வி முறையாகவே செய்து காட்டியிருக்கிறார் என்று ஓர் அக்கா சொன்னார். அன்றுதான் கிரீன் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டேன். பிறகு நூலகத்தில் தேடிப் படித்தவற்றையே இங்குத் தொகுத்துத் தருகிறேன்.

இளமையும் கல்வியும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஊஸ்டர் நகரில், கிரீன் ஹில் என்னும் குடும்பப் பண்ணையில் 1822-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் கிரீன் பிறந்தார். உடன்பிறந்தோர் பலர். அண்ணன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிரீன் பிற்காலத்தில் நியூயார்க் மாநகரின் வளர்ச்சிக்குப் பெரும் பங்காற்றிப் புகழ் பெற்றார். தம்பியும் அங்கேயே இருந்து பொருளும் புகழும் ஈட்டியிருக்கலாம். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845-இல் பட்டம் பெற்ற அவரோ, சமயப் பணியோடு மருத்துவப் பணியும் ஆற்றும் மிஷன் மருத்துவராகக் கீழ்த்திசை செல்ல முடிவு செய்தார். நீராவிக் கப்பல்கள் பெருகாத காலம் அது. பாய்க்கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்து, 1847-ஆம் ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனின் பணி 1816-இலேயே தொடங்கியிருந்தது. டாக்டர் ஜான் ஸ்கடர் அங்கே மருத்துவப் பணியாற்றியவர். அவருடைய பேத்தியான ஐடா ஸ்கடர் வேலூரில் நிறுவிய மருத்துவமனையை நாம் அனைவரும் அறிவோம். 1823-இல் தொடங்கிய வட்டுக்கோட்டைக் கல்விக்கூடம் அக்காலத்தில் பெரும் பெயர் பெற்றது. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளை அங்குப் பயின்றவரே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் அவர் ஒருவர். இத்தகைய கல்விச் சூழல் நிறைந்த மண்ணில்தான் இளம் மருத்துவர் கிரீன் காலடி வைத்தார்.

மானிப்பாயில் ஒரு பள்ளி

1848-இல் கிரீன் மானிப்பாய்க்குக் குடிபெயர்ந்தார். நோயாளிகள் வந்தனர். அதே ஆண்டில் உள்ளூர் இளைஞர் சிலரைச் சேர்த்துக்கொண்டு மருத்துவம் கற்பிக்கவும் தொடங்கினார். விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களோடு தொடங்கிய அதுவே இலங்கையின் முதல் மேலைநாட்டு மருத்துவப் பள்ளி எனப்படுகிறது. கொழும்பு மருத்துவக் கல்லூரி தோன்றியது 1870-இல்தான் என்பதை நோக்கினால், மானிப்பாய் எவ்வளவு முந்தியது என்பது விளங்கும்.

முதலில் வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடந்தது. மாணவர்கள் ஆங்கிலம் அறிந்தவர்கள். ஆசிரியர் தமிழ் அறியாதவர். ஆனால் மருத்துவமனைக்கு வருகிற உழவரும் மீனவரும் தாய்மாரும் பேசியது தமிழ். இங்கே யார் ஆசிரியர், யார் மாணவர்? எலும்பையும் நரம்பையும் கிரீன் கற்பித்தார். நோயாளி சொல்லும் ஒவ்வொரு சொல்லின் பொருளையும் மாணவர்கள்தாம் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இதன் அருமையை நான் ஆய்வகத்தின் வாசலில் நின்று உணர்ந்தேன். நம் பக்கத்துப் பெரியவர்கள் மேலுக்கு முடியவில்லை என்பார்கள். நெஞ்சு கரிக்கிறது என்பார்கள். கிறுகிறுப்பாக வருகிறது என்பார்கள். இந்தச் சொற்களை எந்த ஆங்கிலப் பாடநூலும் கற்றுத் தருவதில்லை. வேற்றூரிலிருந்து வந்த பயிற்சி மருத்துவர்கள் இந்தச் சொற்களை நம் ஊர்க்காரரான சக மருத்துவரிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கிரீன் கடல் கடந்து வந்து அதே பாடத்தைக் கற்றார். தமிழில் தேர்ந்தார். மக்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசினார். உடல்நலம், தூய்மை, வாந்திபேதி ஆகியவை குறித்துத் தமிழில் எழுதினார்.

அவருடைய பார்வையில் மற்றொரு சிறப்பும் உண்டு. தம்மிடம் பயில்வோர் ஐரோப்பியரைப்போல் உடுத்தவும் உண்ணவும் தொடங்குவதை அவர் விரும்பவில்லை. ஊர் மக்களோடு ஒட்டி வாழ்பவனே ஊருக்கு மருத்துவனாக முடியும் என்பது அவர் எண்ணம். ஆளும் இனத்தாரைப் பார்த்து நடப்பதே நாகரிகம் என்று பலரும் நினைத்திருந்த காலத்தில், ஒரு வெள்ளை மருத்துவர் இவ்வாறு எண்ணியது வியப்புக்குரியதன்றோ!

தமிழுக்கு மாறிய வகுப்பு

பத்தாண்டுப் பணிக்குப் பின் 1857-இல் கிரீன் ஓய்வுக்காகத் தாயகம் சென்றார். 1862-இல் மார்கரெட் என்னும் பெண்மணியை மணந்து, அவரோடு மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். இம்முறை அவர் உள்ளத்தில் ஒரு கவலை இருந்தது. ஆங்கிலத்தில் மருத்துவம் பயின்ற மாணவர்கள் திறமையானவர்களாகவே விளங்கினர். ஆனால் அந்த ஆங்கிலமே அவர்களுக்கு அரசாங்க வேலையின் கதவைத் திறந்தது. சம்பளமும் பதவியும் அழைக்கும் இடங்களுக்கு அவர்கள் சென்றுவிட்டனர். எந்தக் கிராமங்களுக்காகப் பள்ளி தொடங்கப்பட்டதோ அந்தக் கிராமங்கள் மருத்துவரின்றியே கிடந்தன.

ஆகவே 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிப்பது என்று கிரீன் முடிவு செய்தார். எளிதான முடிவன்று அது. பாடம் சொல்ல நூல் வேண்டும். நூல் எழுதச் சொல் வேண்டும். நுண்ணிய நரம்புக்கும் தசைக்கும் மருந்துக்கும் தமிழில் பெயர் வேண்டும். இதற்கு அவர் மூன்று படிகள் வகுத்துக்கொண்டார். தமிழில் சொல் இருந்தால் அதையே எடுப்பது. இல்லையேல் வடமொழியில் தேடுவது. அங்கும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு ஏற்ப எழுதிக்கொள்வது. சொற்களைத் தொகுத்துக் கலைச்சொல் பட்டியல்களும் ஆக்கினார்.

நூல்கள்

தமிழ் வகுப்பு தொடங்குமுன்பே, 1857-இல் கட்டர் என்பாரின் உடற்கூறும் உடல்நலமும் பற்றிய நூலும், மான்செல் எழுதிய மகப்பேற்று நூலும் தமிழில் வெளிவந்துவிட்டன. மகப்பேற்று நூலுக்குப் பிரசவ வைத்தியம் என்று பெயர். 1867-இல் அறுவை மருத்துவம் பற்றிய இரண வைத்தியம் வந்தது. 1872-இல் மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் என்னும் இரு பெருநூல்கள் வந்தன. இவற்றுள் மனுஷ அங்காதிபாதம் என்பது இன்றும் உலகெங்கும் மருத்துவ மாணவர் போற்றும் கிரேயின் உடற்கூற்றியல் நூலைத் தழுவியது. இலண்டனில் அந்நூல் முதன்முதல் வெளியானது 1858-இல். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழ் பேசிவிட்டது! 1883-இல் டால்ட்டனின் உடலியங்கியல் நூல் மனுஷ சுகரணம் என்ற பெயரில் வந்தது. எல்லாம் சேர்ந்து 4,000 பக்கங்களுக்கு மேற்பட்டவை.

வேதியியல் மாணவி என்ற முறையில் என்னைத் துள்ளிக் குதிக்கச் செய்தது 1875-இல் வெளியான ஒரு நூல். வெல்ஸ் என்பவரின் வேதியியல் நூலைத் தமிழாக்கி அதற்குக் 'கெமிஸ்தம்' என்று பெயர் சூட்டினார்கள். நாம் வேதியியல் என்கிறோம். நம் முன்னோர் இரசாயனம் என்றனர். மானிப்பாயில் அது கெமிஸ்தம். மூன்றாம் படியில் பிறந்த சொல் இது. வேற்றுமொழி வேருக்குத் தமிழ் ஈறு கொடுத்து வீட்டுக்குள் அழைத்துக்கொண்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நம் பனியன் கம்பெனிகள் நினைவுக்கு வந்தன. ஓவர்லாக், பேட்லாக், சிங்கர், காஜா, பீஸ் ரேட் என்று எத்தனை சொற்கள்! பள்ளிக்கூடம் காணாதவரும் அவற்றைத் தம் சொற்களாகவே பேசுகிறார்கள். எந்த மெஷினில் எந்த ஊசி உடைந்தது, எந்த நூல் எங்கே தப்பியது என்று நுட்பமாக விளக்குகிறார்கள். சொல் எங்கிருந்து வந்தது என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை. வேலை அவர்கள் மொழியில் நடக்கிறது. ஆகவே விளக்கம் தமிழில் இருந்தால், நடுவே வரும் வேற்றுச்சொல் தடையாவதில்லை. கிரீனின் மூன்றாம் படிக்குத் திருப்பூரே சான்று எனலாம்.

மாணவரே நூலாசிரியர்

இந்நூல்களைக் கிரீன் தனியொருவராகச் செய்யவில்லை என்பதே இவ்வரலாற்றின் உயிர்நாடி. மொழிபெயர்ப்பில் பெரும்பங்கு அவருடைய மாணவர்களுடையது. டான்வர்த், சப்மன் முதலியோர் அவரிடம் பயின்ற தமிழர்களே. மிஷன் பள்ளிகளில் மாணவருக்கு அமெரிக்கப் பெயர் சூட்டும் வழக்கத்தால் அவ்வாறு அழைக்கப்பட்டனர். மாணவர் தமிழாக்குவதை ஆசிரியர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். நேற்று வகுப்பில் கேள்வி கேட்டவர், இன்று அதே பாடத்தின் நூலாசிரியர்! தம் மாணவருடைய தமிழ் தம் தமிழினும் சிறந்தது என்று ஒத்துக்கொள்ளும் பணிவு ஆசிரியரிடம் இருந்தாலன்றி இது நடவாது. மருத்துவத்தில் அவர் குரு. சொல்லாக்கத்தில் அவர்கள் குரு.

இவ்வாறு கால் நூற்றாண்டுக் காலத்தில் ஆங்கில வகுப்பிலும் தமிழ் வகுப்பிலுமாக 60-க்கும் மேற்பட்டோரைக் கிரீன் மருத்துவராக்கினார்.

இறுதி நாட்கள்

உடல்நலம் குன்றவே 1873-இல் கிரீன் யாழ்ப்பாணத்தை விட்டுப் பிரிந்தார். ஊஸ்டர் சென்ற பின்னும் பணி நிற்கவில்லை. கடலுக்கு அப்பாலிருந்தபடியே தமிழ் நூல்களின் வேலையைத் தொடர்ந்தார். கெமிஸ்தமும் மனுஷ சுகரணமும் அச்சேறியபோது அவர் அமெரிக்காவில் இருந்தார். பனி பெய்யும் ஊரில், தமிழ் பேச ஆளில்லாத வீட்டில், ஒருவர் தமிழ் ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்த காட்சியை மனக்கண்ணால் பாருங்கள்! 1884-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள், பிறந்த மண்ணிலேயே அவர் உயிர் பிரிந்தது. தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று பொருள்படும் வாசகமே அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டது. மானிப்பாயில் கிரீன் நினைவு மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பின் நடந்தது என்ன?

அவருக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி அங்கே நீடிக்கவில்லை. ஆட்சியின் மொழி ஆங்கிலம். பதவியின் மொழியும் அதுவே. தமிழில் மட்டும் பயின்றவருக்கு அரசாங்கப் பதவி எட்டாக்கனியாயிற்று. அச்சிட்ட நூல்கள் அரிய ஏடுகளாயின. கிரீனின் திட்டம் தோற்றது என்று இதைக் கொண்டு சிலர் சொல்லக்கூடும். அந்த வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. வேலைக்கு உதவாத கல்வியை எந்த ஏழை பெற்றோரும் விரும்பமாட்டார்கள். என் பெற்றோரும் நான் ஆங்கிலம் கற்க வேண்டும் என்றே விரும்புகிறார்கள். நானும் விரும்புகிறேன். புதிய ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்க ஆங்கிலம் வேண்டும். வெளியூர் வேலைக்கும் வேண்டும்.

ஆனால் கிரீன் எழுப்பிய கேள்வி ஆங்கிலம் வேண்டுமா வேண்டாமா என்பதன்று. கற்ற அறிவு யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதே அவர் கேள்வி. அந்தக் கேள்வி இன்னும் சாகவில்லை. ஆய்வகத்தில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். சிறுநீரக நோயுள்ள ஒரு தையல் தொழிலாளிக்குக் கிரியாட்டினின் மிகுதி என்று முடிவு வந்தது. நம் வழக்கில் இதை உப்பு ஏறிவிட்டது என்று சொல்லிவிடுகிறோம். அவர் அதைச் சமையல் உப்பு என்று எண்ணி, உப்பை நிறுத்தினால் தீர்ந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தார். கிரியாட்டினின் நம் தசைகளிலிருந்து உண்டாகும் கழிவு. சிறுநீரகம் அதை வெளியேற்ற வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தால் அது இரத்தத்தில் தேங்கும். கார ஊடகத்தில் பிக்ரிக் அமிலத்தோடு சேர்ந்து அது தரும் ஆரஞ்சு நிறத்தின் ஆழத்தைக் கொண்டு அளவைக் கணக்கிடும் முறையை நான் அங்கே கற்றேன். அளவு கண்டுபிடிப்பதோடு என் படிப்பு முடிந்தது. தமிழ்வழியில் பயின்ற அந்த அண்ணன் நோயாளியின் பக்கத்தில் அமர்ந்து, சாயப்பட்டறையில் கழிவுநீர் வடிகட்டப்படாமல் தேங்கினால் என்னவாகும் என்று கேட்டு, அதையே உவமையாக்கி, ஐந்து நிமிடத்தில் விளங்க வைத்துவிட்டார். உப்பைக் குறைப்பது நல்லதே. ஆனால் அதுமட்டும் போதாது, மருந்தும் தொடர் பரிசோதனையும் வேண்டும் என்றும் சொன்னார். அந்த மனிதரின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். மானிப்பாயில் கிரீன் விரும்பியது இந்தத் தெளிவைத்தான்.

நாம் செய்யத்தக்கவை

அண்மை ஆண்டுகளில் தமிழ்நாடு பாடநூல் கழகம் மருத்துவப் பாடநூல்கள் சிலவற்றைத் தமிழாக்கி வெளியிட்டுள்ளது. பெரிதும் மகிழத்தக்க செய்தி. ஆயினும் நூல் அச்சாவது பாதி வேலை. அதைப் பயன்படுத்தும் மாணவர் கூட்டம் உருவாவதே மறுபாதி. கிரீனிடம் நூல் வருமுன்பே மாணவர் கூட்டம் இருந்தது. அக்கூட்டத்திலிருந்தே நூல் பிறந்தது.

நம் கல்லூரியில் என்னைப்போல் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தோர் பலர். இயற்பியல், வேதியியல், விலங்கியல், கணிதம் என ஒவ்வொரு துறையிலும் முதலாண்டு மாணவர் ஆங்கிலச் சொல்லின் முன் திகைத்து நிற்பதைக் காண்கிறோம். இரண்டாம் ஆண்டினரும் மூன்றாம் ஆண்டினரும் சேர்ந்து, துறைதோறும் ஒரு சொற்பட்டியல் தயாரித்தால் என்ன? ஆங்கிலச் சொல், அதன் தமிழ், எளிய விளக்கம், நம் ஊர் வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு: இவ்வளவு போதும். பேராசிரியர்கள் மேற்பார்த்துத் திருத்தித் தந்தால் அது ஆண்டுதோறும் வளரும். வேதியியல் துறையில் நானும் என் வகுப்புத் தோழியர் மூவரும் பகுமுறை வேதியியல் சொற்களோடு இதைத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை எழுதியவை நூற்றுக்கும் குறைவே. கைகொடுக்க வாருங்கள் என்று எல்லோரையும் அழைக்கிறோம்.

பிறமொழியில் கற்பது குற்றமன்று. கற்றதை வீட்டில் உள்ளோருக்கு விளங்கச் சொல்ல இயலாமற் போவதே குறை. தமிழ் தாய்மொழியாக அமையாத ஒருவர், தம் மாணவரிடம் அதைக் கற்று, 4,000 பக்கங்களுக்கு மேல் அறிவியலைத் தமிழில் விட்டுச் சென்றார். பிறந்தது முதல் தமிழ் பேசும் நாம் ஆளுக்கு நான்கு பக்கங்களாவது எழுத மாட்டோமா?